மயங்கி விழுந்தவரை வீட்டுக்கு அனுப்பலாமா?

[திரை: அவசர சிகிச்சைப் பிரிவு. ட்ராலியில் படுத்திருப்பவர் எழுந்து உட்காரப் பார்க்கிறார்.]

மயங்கி விழுந்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்பார். டாக்டருக்குச் சிக்கலே அதுதான். என்ன நடந்ததோ, அது நடந்து முடிந்துவிட்டது.

நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி. இவ்வளவும் சில நிமிட வேலை. அதன்பிறகு தொடங்கும் விசாரணைதான் முக்கியம். விழுந்ததைப் பார்த்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டால் பாதித் தகவல் போச்சு.

[திரை: டாக்டர், நோயாளி, கூட வந்தவர்.]

வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாரா? ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தாரா? விழுமுன் குமட்டி, வியர்த்து, கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததா? ஆம் என்றால், ரத்த அழுத்தம் சட்டென இறங்கியதால் வந்த சாதாரண மயக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓடும்போது விழுந்தார், படுத்திருந்தபோதே நினைவு தப்பியது, எந்த அறிகுறியும் இல்லாமல் சாய்ந்தார், குடும்பத்தில் ஒருவர் இளவயதில் திடீரென இறந்திருக்கிறார் என்றால் சந்தேகம் இதயத்தின் மேல் திரும்பும்.

கை கால் சில நொடி வெட்டி இழுத்தாலே வலிப்பு என்று முடிவுகட்ட முடியாது. சாதாரண மயக்கத்திலும் அப்படி இழுக்கும். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தாலோ, விழித்த பிறகும் வெகுநேரம் குழப்பத்தில் இருந்தாலோ வலிப்பைப் பற்றி யோசிப்பார்கள்.

"தலைக்கு ஸ்கேன் எடுக்கலையா?" உறவினர்கள் தவறாமல் கேட்பது இது. தலையில் அடியோ, பேச்சுக் குழறலோ, கை கால் தளர்ச்சியோ இல்லாவிட்டால் மயக்கத்தின் காரணம் அதில் அகப்படுவது அபூர்வம்.

[திரை: கனடா வரைபடம். அட்டவணையில் மதிப்பெண்கள்.]

வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை எடைபோட, ஒட்டாவாவைச் சேர்ந்த டாக்டர் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தியின் குழு 2016-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. கனடாவில் 6 அவசரப் பிரிவுகளுக்கு வந்த 4,030 பேரின் விவரங்களிலிருந்து உருவானது. அவர்களில் 147 பேருக்கு 30 நாட்களுக்குள் கடுமையான விளைவு ஏற்பட்டிருந்தது, அதாவது நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு.

மதிப்பெண் மைனஸ் 3 முதல் 11 வரை போகும்; கூடக் கூட ஆபத்தும் கூடும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே அல்லது 180-க்கு மேலே போயிருந்தால் 2. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனின் உயர்ந்திருந்தால் 2. ஏற்கெனவே இதய நோய் உண்டென்றால் 1. ஈசிஜி கோளாறுகளுக்குத் தனி மதிப்பெண். எனக்குப் பிடித்தது மைனஸ் பக்கம். சாதாரண மயக்கத்துக்கான சூழல் இருந்தால் ஒன்று குறையும், டாக்டரும் அதுதான் என்று கணித்தால் இன்னும் இரண்டு குறையும். எந்த ரத்தப் பரிசோதனையும் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்காது. குறைப்பது அந்த விசாரணைதான்.

[திரை: மானிட்டரில் ஓடும் இதயத்துடிப்புக் கோடு.]

எவ்வளவு நேரம் மானிட்டரில் வைப்பது? அதே குழு 2019-ல் சொன்ன யோசனை: ஆபத்து குறைந்தவர்களுக்கு 2 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம். அதுவரை ஒன்றும் தென்படாவிட்டாலும், ஆபத்து கூடியவர்கள் வீட்டுக்குப் போன பிறகு 15 நாள் கையடக்க மானிட்டர் அணிவது நல்லது.