14,000 கிலோமீட்டரும் பந்திப்பூர் கேட்டும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு வழியனுப்பிவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெற்றோர் நம் நீலகிரி மலையில் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "திங்கட்கிழமை மத்தியானம் பெங்களூரில் ஏறுறான், திங்கட்கிழமை சாயங்காலமே அங்கே இறங்குறான்னு டிக்கெட்டில் போட்டிருக்கே, அதெப்படி சார்?"

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக் கடலைக் குறுக்கே தாண்டுவதுதான் நேர்வழி என்று தோன்றும். பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் சீனாவுக்கு மேலே ஏறி, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, அலாஸ்காவைக் கடந்து இறங்கும். மிகக் குறுகிய வழி அதுதான். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே வட துருவத்துக்கு மேலாக விமானத்தை ஓட்டி வந்தார்கள். நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் 16 மணியைத் தாண்டும். காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் மலை ரயிலையே பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம், இறங்க மூன்றரை. தண்டவாளம் ஒன்றுதான். ஆகாயத்தில் அந்த ஏற்ற இறக்கத்தைச் செய்வது, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரமே போதும்.

இனி அந்தக் கடிகாரக் கணக்கு. டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் நேரம், சேரும் நேரம் அந்த ஊர் நேரம். திங்கள் மத்தியானம் 2 மணிக்குக் கிளம்பி, பதினாறரை மணி நேரம் பறந்தால், நமக்குச் செவ்வாய் காலை ஆறரை. குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். கழித்துப் பாருங்கள், திங்கள் மாலை 5 மணி. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திவிடுவதால் பன்னிரண்டரையைக் கழிக்க வேண்டும்.

மலையில் இருக்கும் நமக்குப் பயணம் ஊட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. மைசூருக்குப் போகும் வழியிலுள்ள பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். திறந்ததும் புறப்பட்டாலும் மைசூர் தாண்டி, பெங்களூர் நெரிசலைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். 2 மணி விமானத்துக்கு 11 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். ஆகவே முந்தின நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பெங்களூரில் ஓர் இரவு தங்கும் செலவு, தவறவிட்ட டிக்கெட்டின் விலையில் மிகச் சிறிய பங்குதான்.