வணக்கம் முதலில், ஊசி அப்புறம்

(ஏற்காட்டில் ஓர் ஆலயத்தில், மிஷனெரி ஞாயிறு ஆராதனைக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயர் அவர்களுக்கும், ஐயரம்மாவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும், சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

காலையில் சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபது. சின்ன வயதிலிருந்து எண்ணுகிற கணக்குதான். ஆனால் இப்போதெல்லாம் எண்ணும்போது இன்னொரு மலை கண்முன் வந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் வடக்கே, பெரிய ஏரியின் கரையில் சிட்டிம்பா என்று ஒரு ஊர். அங்கிருந்து, நான் ஊழியம் செய்த மிஷன் ஆஸ்பத்திரி இருக்கும் லிவிங்ஸ்டோனியாவுக்கு ஏறும் மண் சாலையிலும் இருபது வளைவுகள். ஏறி நின்று கீழே பார்த்தால் ஏரி கடல்போல விரிந்து கிடக்கும். மலைச்சரிவில் காப்பிச் செடி. முதல் நாள் ஜீப்பில் போகும்போது, "அட, ஏற்காட்டுக்கே வந்துட்டோமே" என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம்தான் என்னை ஒரு வருஷம் கெடுத்தது. எல்லாம் தெரிந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சேலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு இரண்டும் கைப்பழக்கம். மலாவியில் ஆங்கிலம் ஆட்சிமொழி, கேஸ் ஷீட் எல்லாம் ஆங்கிலத்தில்தான், உனக்கென்ன கஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் நம்பிப் போனேன்.

போன முதல் வாரம் புறநோயாளிப் பிரிவில் ஒரு தாய் வந்து உட்கார்ந்தாள். குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். அங்கே நம்மைப்போல் இடுப்பில் வைப்பதில்லை, சிட்டெஞ்சே என்கிற பூப்போட்ட துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கையில் 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்ற சின்ன நோட்டு. அந்த நாட்டில் நோயாளியின் மருத்துவக் குறிப்பை நோயாளியேதான் வைத்திருப்பார். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டே, மொழிபெயர்க்க நின்ற பையன் மூலம் கேட்டேன்: "எத்தனை நாளாக் காய்ச்சல்? பால் குடிக்குதா? வலிப்பு வந்துச்சா?" அவள் தரையைப் பார்த்தாள். பதிலே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை இப்படிக் கொதிக்கிறது, இந்த அம்மா வாய் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று.

அங்கே வார்டு ஆயாவாக ஒரு பெரியம்மா இருந்தார். அவர் வந்து அந்தத் தாயின் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். "மொனிரே" என்றார். அவள் "யெவோ" என்றாள். எப்படி விழித்தீர்கள் என்று கேட்டார், நன்றாக விழித்தேன், நீங்கள் எப்படி என்று இவள் கேட்டாள். வீட்டில் எல்லாரும் சுகமா, எந்த ஊரிலிருந்து நடந்து வந்தாய், மழை பெய்ததா. இரண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் அந்தத் தாய் தானாகவே பேசினாள். முந்தின ராத்திரியிலிருந்து பால் குடிக்கவில்லை, விடியற்காலையில் கைகால் வெட்டி இழுத்தது, போன மழைக்காலத்தில் இதே மாதிரி வந்துதான் மூத்த பிள்ளை போனது. நான் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் அதில் இருந்தது. நான் கேட்கத் தெரியாத நான்காவது விஷயமும் இருந்தது.

சாயங்காலம் பெரியம்மாவிடம் கேட்டேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. "சிஸ்டர், நீங்க அவளுக்கு இன்னும் வணக்கமே சொல்லலையே" என்றார்.

தும்புக்கா மொழி பேசுகிற அந்த ஊர்களில் வணக்கம் என்பது வாசலில் வீசிவிட்டுப் போகிற வார்த்தை இல்லை. நாலைந்து கேள்வி, நாலைந்து பதில். பெண்கள் முழங்கால் மடிப்பார்கள். ஒரு பொருளைக் கொடுத்தால், வலது கையால் கொடுத்து இடது கையை முழங்கைக்குக் கீழே தாங்கிக்கொள்வார்கள். நம் வீட்டில் இரண்டு கையாலும் வாங்கச் சொல்லி வளர்த்த மாதிரிதான். அதைத் தாண்டிப் போய் நேராக வியாதியைக் கேட்டால், திண்ணையில் இருக்கும் பெரியவரைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். அப்படி நுழைந்தவளிடம் நாம் பேசுவோமா?

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள் ஐயரம்மா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளமான கொட்டகை. நோயாளியோடு துணைக்கு வருகிற சொந்தக்காரர்கள் அங்கேதான் சமைப்பார்கள். அடுப்புப் புகை, மழை வாசனை, பிள்ளைகள் சத்தம். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கட்டைத் துடுப்பால் கிண்டுவார்கள். பெயர் சிமா. கிண்டுகிற விதம், கை வலிக்கிற விதம், உருட்டிக் குழி பண்ணிக் குழம்பில் தோய்க்கிற விதம், எல்லாம் நம் களிதான். தொட்டுக்கொள்ளப் பூசணி இலையை நிலக்கடலை மாவோடு வேகவைத்தது, இல்லாவிட்டால் ஏரியின் உசிப்பா என்கிற பொடிமீன் கருவாடு. சாப்பிடுமுன் ஒருவர் செம்பிலிருந்து எல்லார் கையிலும் தண்ணீர் ஊற்றுவார்.

ஒரு நாள் அந்தக் கொட்டகையில் ஒரு பாட்டி கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர் தானியம் என்று சொன்னேன். அவர் இல்லை, எங்கள் ஊர் தானியம் என்றார். அவர் சொன்னதுதான் சரி. கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். அங்கிருந்து பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னே கடல் கடந்து நம்மிடம் வந்தது. சேலத்துக் களி உருண்டையே ஒரு வகையில் அவர்கள் கொடுத்தது. நான் அவர்களுக்குக் கொடுக்கத்தான் போயிருக்கிறேன் என்ற நினைப்பில் இருந்தவள். அன்றைக்கு அந்தப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து முறம் வாங்கிப் புடைத்தேன். சிரித்தார்கள். அதற்கப்புறம் கொட்டகைப் பெண்கள் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை கஷ்டமான மாதங்கள். போன வருஷத்து மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதுக்கதிர் முற்றியிருக்காது. அதே மழையில்தான் மலேரியாவும் ஏறும். மரக்கிளையில் தராசைத் தொங்கவிட்டுக் குழந்தைகளை எடை போடும்போது முள் போன மாதத்திலிருந்து நகர்ந்திருக்காது. மெலிந்த பிள்ளைகளுக்கு மக்காச்சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி மாவு உண்டு. லிக்குனி பாலா என்று பெயர், லிக்குனி மிஷனில் பிறந்த கஞ்சி. அந்த மாவை எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று ஆங்கிலத்தில் நான் சொன்ன போதெல்லாம் தலையாட்டினார்கள். தும்புக்காவில் தப்பும் தவறுமாகச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் கேள்வி கேட்டார்கள். கேள்வி வந்தால்தான் கஞ்சி சரியாக வேகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே டாக்டர்கள் மிகக் குறைவு. மூன்று வருஷம் படித்து ஒரு வருஷம் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள்தான் சிசேரியன் ஆபரேஷன்கூடச் செய்கிறார்கள். அவர்கள் கைத்திறமையை ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தவள் நான். நம் பிள்ளைகள் போனால் அவர்களுக்குக் கீழே நின்று கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

லிவிங்ஸ்டோனியா மிஷனின் வரலாற்றில் ஒருவர் உண்டு. அவரை நினைக்காமல் நான் ஜெபிப்பதில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் 1875-ல் அந்த ஏரிக்கு வந்தார்கள். டாக்டர் ராபர்ட் லாஸ் அவர்களில் ஒருவர், 1927 வரை அங்கே உழைத்தார். ஆனால் மேற்கு மேட்டில் இருந்த ங்கோனி மக்களிடம் அவர்களால் எளிதில் நெருங்க முடியவில்லை. 1876-ல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் மிஷன் பள்ளியிலிருந்து வில்லியம் கோயி என்ற கறுப்பின ஊழியர் வந்தார். அவருடைய கோசா மொழி ங்கோனிகள் பேசிய மொழிக்கு உறவுமொழி. அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவரால் பேச முடிந்தது. பல வருஷம் பேசினார். 1886-ல் அவர் சாகக் கிடந்தபோதுதான், பள்ளிக்கூடம் நடத்திக்கொள்ளலாம் என்று ங்கோனித் தலைவர்கள் அனுமதி கொடுத்த செய்தி வந்தது. அந்த வருஷங்களில் அந்த மலைநாட்டின் கதவைத் தட்டியது மருந்துப்பெட்டி இல்லை, ஒரு மனிதனின் நாக்கு.

நம் கதையும் அதுதானே? லண்டன் மிஷனிலிருந்து ஹென்றி கிறிஸ்ப் 1827-ல் சேலம் வந்தார். பிறகு வந்த லெக்லர் ஐயர் தொழிற்பள்ளி நடத்தினார். இப்படி நம்மிடம் வந்தவர்கள் தமிழ் படிக்காமல் இருந்திருந்தால், நம் பாட்டிமார்களோடு எந்த மொழியில் அழுதிருப்பார்கள்? அன்றைக்கு அந்நிய தேசத்தவர் செய்ததை இன்றைக்கு அனுப்புகிற இடத்தில் இருக்கிற நாம் செய்ய மாட்டேன் என்கிறோம். ஆங்கிலம் போதும் என்கிறோம். இது எனக்கு வேதனையாக இருக்கிறது. நானே அப்படிப் போனவள் என்பதால் கூடுதல் வேதனை.

இந்தச் சபையிலிருந்து இரண்டு நர்ஸ் பிள்ளைகள் போகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மிஷனெரி கமிட்டிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் ஆறு மாதம் அவர்களை வார்டில் நிறுத்தாதீர்கள். ஒரு குடும்பத்தோடு தங்கட்டும், தண்ணீர் சுமக்கட்டும், மொழி படிக்கட்டும். அந்த ஆறு மாதச் செலவைச் சபை ஏற்கட்டும். ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் சும்மா உட்கார வைப்பதா என்று கேட்பீர்கள். நான் முதல் நாளிலிருந்தே வார்டில் நின்றேன். ஒரு வருஷம் யாரும் என்னிடம் உண்மை பேசவில்லை. அந்தக் கணக்கையும் பாருங்கள்.

அந்த வருஷம் முடிகிற சமயம் ஒரு குழந்தை இறந்தது. நான் சர்டிபிகேட் எழுதிக்கொண்டிருந்தேன். உமன்யானோ என்னும் பெண்கள் சங்கத்து அம்மாக்கள் வந்து தாயைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பாடினார்கள். பெரியம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்து, என்னையும் உட்கார வைத்தார். பாட்டின் வார்த்தைகளில் பாதி எனக்குப் புரிந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அந்தத் தாய் என் தோளில் சாய்ந்தாள்.

போகப்போகிற பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கே? எழுந்து நில்லுங்கள், கண்ணு. புதன்கிழமை சாயங்காலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வாருங்கள், நோட்டும் பேனாவும் போதும். முதல் பாடத்தை இங்கேயே தொடங்கிவிடலாம், சபையாரும் சேர்ந்து சொல்லலாம். நான் "ம்வாவுக்கா உலி?" என்று கேட்பேன். எப்படி விழித்தீர்கள் என்று அர்த்தம். நீங்கள் "நாவுக்கா மகோரா, க்வாலி இம்வே?" என்று சொல்லி என்னைத் திரும்பக் கேட்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருக்கிற தாத்தாவும் சொல்ல வேண்டும்.

ம்வாவுக்கா உலி?