வடிப்பதும் மீட்பதும்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகத்தை வடிகட்டி என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். மாணவர்களுக்குப் பாடம் நடத்திய நாள்களில் நானும் அப்படித்தான் தொடங்குவேன். ஆனால், வடிப்பது அதன் வேலையில் எளிய பாதிதான். வடிந்ததை மீட்பதே கடினமான பாதி.

இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் 1 லிட்டருக்கும் மேலான பங்கு, இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே எடையுள்ள சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான்கள் என்னும் நுண் அலகுகள் ஏறக்குறைய 10 லட்சம் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பில் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும் தந்துகிகள் என்னும் மிக மெல்லிய இரத்தக்குழாய்களிலிருந்து, இரத்த அழுத்தத்தின் விசையால் நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாமே வேறுபாடின்றி வடிந்துவிடுகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் இரத்தத்திலேயே தங்குகின்றன. இப்படி நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லிட்டர். நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர்தான்.

பரணைச் சுத்தம் செய்பவர் எல்லாப் பொருள்களையும் கீழே இறக்கிவைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் திரும்ப ஏற்றுவதைப் போன்றது இது. நெஃப்ரானின் நுண்குழல்தான் அவ்வாறு திரும்ப ஏற்றுகிறது. உடல்நலமுள்ளவரிடம் வடிந்த சர்க்கரை முழுவதையும் அது மீட்டுவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், மீட்க முடியாத மிச்சம் சிறுநீரோடு போய்விடும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோயோ என்று பெரியவர்கள் ஐயுற்றதன் காரணம் இதுவே.

நீரை எவ்வளவு மீட்பது என்பதை மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் என்னும் இயக்குநீர் (ஹார்மோன்) முடிவு செய்கிறது. சித்திரை வெயிலில் வேலை செய்து போதிய தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீர் அடர்மஞ்சளாகவும் அளவில் குறைவாகவும் இருப்பது, சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்திருப்பதன் அடையாளம்.

எஞ்சிய சிறுநீர், சுமார் 25 செ.மீ. நீளமுள்ள குழாய்கள் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. குழாய்ச் சுவர் அலையலையாகச் சுருங்கித் தள்ளுவதால், படுத்திருந்தாலும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. குழாய்கள் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைவதால், பை நிரம்பும்போது அதன் அழுத்தமே குழாயின் வாயை மூடி, சிறுநீர் மேலேறாமல் தடுக்கிறது. கதவு வைக்காத இந்த அடைப்பு முறையை நான் இன்றும் வியக்கிறேன். 200 மில்லிலிட்டர் அளவு சேர்ந்ததும் முதல் உணர்வு எழும். இடமும் நேரமும் அமையும்வரை நம் விருப்பப்படி அடக்கிவைப்பது, சிறுநீர் வெளியேறும் வழியை இறுக்கி மூடும் வெளிச் சுருக்குத்தசை.

இரவில் வாசோபிரசின் கூடுதலாகச் சுரந்து, நீர் அதிகமாக மீட்கப்படுவதால்தான் ஆறேழு மணி நேரம் எழாமல் உறங்க முடிகிறது. வயதானபின் அந்தக் கூடுதல் சுரப்பு குறைந்துவிடுவதும், முதியோர் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவதற்கான காரணங்களுள் ஒன்று.