ஃபில் ஃபிலிப்ஸுக்கு வர வேண்டிய பாக்கி

நடுவர் அவர்களே! ஒரே பாடலோடு மறைந்த ராக் அண்ட் ரோல் பாடகர்களை வீழ்த்தியது திறமைக் குறைவா, இசை வணிகமா? வணிகமே என்று வாதாட வந்திருக்கிறேன். "சரக்கு இருந்தால் இரண்டாவது பாட்டும் ஓடியிருக்குமே" என்று எதிரணி நண்பர் கேட்டார், கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்தக் கைதட்டலில் பாதியையாவது திரும்ப வாங்கி, ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊர். அங்கே ஹோட்டலில் விருந்தினரின் பெட்டிகளைச் சுமந்தவர் ஃபில் ஃபிலிப்ஸ். தன் காதலை நம்ப மறுத்த பெண்ணுக்காக அவர் கட்டிய பாட்டுதான் 'சீ ஆஃப் லவ்'. உள்ளூர் இசைத்தட்டு வியாபாரி ஜார்ஜ் கூரி வெளியிட்டார். பிறகு மெர்க்குரி என்ற பெரிய கம்பெனி அதை நாடெங்கும் பரப்பியது. 1959இல், அமெரிக்காவில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று வரிசைப்படுத்தும் பில்போர்டு பத்திரிகையின் பாப் பட்டியலில் இரண்டாம் இடம், கறுப்பின மக்களின் இசையான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை. பாடியதற்காகத் தமக்குக் கிடைத்தது 6,800 டாலர்தான் என்று பின்னாளில் ஃபிலிப்ஸ் சொன்னார். சுமை கூலி என்று வைத்துக்கொண்டாலும் குறைவுதான், ஐயா!

பாட்டை எழுதியவர்கள் வரிசையில் கூரியின் பெயரும் உண்டு. அவர் பங்கு எவ்வளவு என்று இங்கே நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காலத்து வழக்கத்தைப் பாருங்கள்: 1955இல் ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரி எழுதிய 'மேபெலின்' பாட்டுக்கு, வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரும் ஆசிரியராகச் சேர்க்கப்பட்டது. உரிமைத்தொகையில் அவருக்கும் பங்கு போனது.

உடனே எதிரணி துள்ளும்: "பெரி அதையும் தாண்டி வளர்ந்தாரே, அதுதான் திறமை!" நல்ல கேள்வி, பதிலும் அதிலேயே இருக்கிறது. பெரியின் கம்பெனி அவருடைய தட்டுகளை அடுத்தடுத்து வெளியிட்டது. ஃபிலிப்ஸிடமோ ஓர் ஆல்பம் முழுவதும் தயாராக இருந்தது. உரிமைத்தொகையைக் கேட்டதால் அதை முடக்கிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அடுத்து வந்த சில தனித்தட்டுகள் எடுபடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று தட்டு ஓடாததற்கா ஒருவருக்கு ஆயுள் தண்டனை? பிறகு அவர் வானொலியில் பிறர் பாட்டுகளை ஒலிபரப்பிப் பிழைத்தார். 2020இல், 94ஆம் வயதில் காலமானார்.

'அந்தக் கால ரசனை மாறிவிட்டது' என்றும் சொன்னார்கள். ரசனை மாறியிருந்தால், கால் நூற்றாண்டு கழித்து ஆங்கிலேய ராக் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் ஹனிட்ரிப்பர்ஸ் குழு அதே பாட்டைப் பாடி 1985இல் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது எப்படி?

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே வேண்டுகோள். வெளிவராத அந்த ஆல்பத்தை எங்கிருந்தாவது தேடிக் கேட்டுவிட்டு வந்து 'சரக்கு இல்லை' என்று சொல்லட்டும். அதுவரை நடுவர் அவர்கள் மணியடிக்காமல் இருந்தால், நானும் காத்திருக்கிறேன்.