38 சதவீதம் காட்டிய ட்ரோன் ஏன் கடலில் இறங்கியது?

[காட்சி: மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரை, பின்னேரம். அலை மட்டும். ட்ரோன் இல்லை.]

திரையில் பற்றரி 38 சதவீதம். அதற்கு அடுத்தது 12 சதவீதம். நடுவில் ஓர் எண்ணையும் நான் பார்க்கவில்லை. பிறகு திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு, ட்ரோன் தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. கீழே தரை இருந்தால் நல்ல விஷயம்தான். இருந்தது வங்காள விரிகுடா.

வணக்கம். போன ஆடி மாதம் இதே இடத்தில் நடந்தது இது. கேள்விப்பட்ட எல்லாரும் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: "மச்சான், பற்றரி போலிச் சாமான் போல." பாவம் அந்தப் பற்றரி, அது நல்ல சாமான். மாரி காலம் முழுக்க வீட்டு அலுமாரிக்குள் வைத்து நானே அதைக் கொன்றிருந்தேன். கடலில் நடந்தது இறுதிச் சடங்கு மட்டும்.

முதலில் வரலாறு, வேகமாக. லித்தியம் அயன் பற்றரியை 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது, நம் ட்ரோனில் இருப்பது அதே குடும்பத்து லிப்போ, அதாவது லித்தியம் பொலிமர். வரலாறு முடிந்தது. தயிருக்கு வருவோம்.

[காட்சி: மேசையில் ஒரு சட்டி எருமைத் தயிர், ஒரு கிளாஸ் பால், இரண்டு ஸ்ட்ரோ.]

மட்டக்களப்பான் எதை விளக்கினாலும் கடைசியில் தயிரில் வந்து நிற்பான் என்று சிரிக்காதீர்கள். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாலில் ஸ்ட்ரோவைப் போட்டு உறிஞ்சுகிறேன். வருகிறது. வேகமாக உறிஞ்சினால் வேகமாக வருகிறது. இது புதுப் பற்றரி. இப்போது தயிர். சட்டி நிறைய இருக்கிறது, மெதுவாக உறிஞ்சினால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அவசரமாக இழுத்தால்? பாருங்கள், கன்னம்தான் உள்ளே போகிறது. சட்டியில் தயிர் குறையவில்லை, ஆனால் வாய்க்கு வந்து சேரவில்லை. பழுதான பற்றரி இப்படித்தான். இதற்கு உள்தடை என்று பெயர். பற்றரி கிழடாகக் கிழடாக உள்தடை கூடும்.

பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் முழுச் சார்ஜில் பொதுவாக 4.2 வோல்ட். பறக்கும்போது படிப்படியாக இறங்கும். 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போனால் செல்லுக்கே ஆபத்து என்பதால், அதற்கு முன்பே பல ட்ரோன்கள் தரையிறங்கத் தொடங்கிவிடும். சும்மா ஓரிடத்தில் மிதக்கும்போது மோட்டார்கள் கேட்கும் கரண்ட் குறைவு, உள்தடை கூடிய பற்றரியும் சமாளித்துக்கொள்ளும். காற்றை எதிர்த்து முழு வேகத்தில் வரச் சொன்னால் நான்கு மோட்டாரும் சேர்ந்து உறிஞ்சும். வோல்ட் சடாரென்று விழும்.

சரி, திரை ஏன் 38 என்று காட்டியது? பற்றரிக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று, எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைத்திருக்கும். சட்டியில் எவ்வளவு தயிர் என்று அதற்குத் தெரியும். அவசரத்துக்கு எவ்வளவு வரும் என்பதில்தான் அது ஏமாறும். வோல்ட் விழுந்த பிறகு விழித்துக்கொண்டு கணக்கைத் திருத்தும். 38, உடனே 12.

(இந்தத் தயிரை வீடியோ முடிந்ததும் தேன் விட்டுச் சாப்பிடப் போகிறேன். சட்டியை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.)

இனி காற்று. நம் பக்கத்தில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் தெரியாதவர் இல்லை. தரையிலிருந்து கடலுக்கு, சூடாக, வறண்டு வரும். கல்லடியிலிருந்து கடல் பக்கம் ட்ரோனை விட்டால் அது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். "ஆஹா, என்ன வேகம்" என்று நானும் மகிழ்ந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. ட்ரோனின் வேகம் விநாடிக்கு 10 மீற்றர், காற்று 6 மீற்றர் என்று வையுங்கள். போகும்போது 16. ஒரு கிலோமீற்றர் போக ஏறக்குறைய 62 விநாடி. திரும்பும்போது 10இல் 6 போக மிச்சம் 4. அதே ஒரு கிலோமீற்றருக்கு 250 விநாடி. நான்கு மடங்கு! பாதிப் பற்றரியில் போய் பாதியில் வரலாம் என்று நினைப்பவனைக் கச்சான் இப்படித்தான் கடலுக்குக் கூட்டிப்போகிறது. தோணிக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. இப்போது முதலில் காற்றுக்கு எதிராகப் போகிறேன், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறைப்பேன், கீழே பெரும்பாலும் காற்று குறைவு. 30 சதவீதத்தில் ட்ரோன் என் தலைக்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

[காட்சி: மர அலுமாரி. உள்ளே சேலைகளுக்கு நடுவில் ஒரு பற்றரி.]

இதுதான் கொலை நடந்த இடம். ஐப்பசியில் மழை தொடங்கியது. "வெயில் வந்ததும் பறக்கலாம்" என்று மூன்று பற்றரியையும் முழுசாகச் சார்ஜ் செய்து உள்ளே வைத்தேன். அவற்றுள் ஒன்று பழைய வகை, தானாகச் சார்ஜைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. மாசி போய், பங்குனி போய், தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலும் வந்தது. நான் தொடவே இல்லை.

முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பற்றரிக்கு அதைவிடக் கெட்ட கூட்டணி இல்லை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: முழுச் சார்ஜில் 40 பாகை சூட்டில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவு சுமார் 65 சதவீதமாகிவிடும். 40 சதவீதச் சார்ஜில், 25 பாகையில் கிடந்தால் அதே ஒரு வருடத்தில் 96 மிஞ்சும். சும்மா கிடந்ததற்கே இந்த வித்தியாசம்!

ஆகவே நாலைந்து நாளுக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரை வைத்திருங்கள். சார்ஜைக் காட்ட விளக்கு மட்டும் உள்ள பற்றரி என்றால் நாலில் இரண்டு அல்லது மூன்று எரிந்தால் போதும். புதுப் பற்றரிகள் சில நாள் கழித்துத் தாமாகவே சார்ஜை இறக்கும், அப்போது இலேசாகச் சூடாகும். எங்கள் மாமி ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மனே, உன்ட பற்றரிக்குக் காய்ச்சலா?" என்றார். காய்ச்சல் இல்லை மாமி, அது நல்ல சூடு. முழுக்க வெறுமையாக்கி வைப்பதும் தப்பு, மாதக்கணக்கில் கிடந்தால் எழும்பாமலே போகலாம். பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்தவுடன் வியர்த்துவிடும், வேண்டாம்.

செயலியில் செல் வோல்ட் தனித்தனியாகத் தெரிந்தால் பறந்து வந்ததும் பாருங்கள். செல்களுக்கிடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்தப் பற்றரியைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். இறங்கியவுடன் சூட்டோடு சார்ஜில் போடவும் வேண்டாம்.

கட்டாரிலிருந்து பற்றரி கொண்டுவரும் மச்சான்மாருக்கு ஒரு வரி: உதிரிப் பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணிக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, சின்ன ட்ரோன் பற்றரிகள் 20ஐயும் தொடாது. மட்டக்களப்பு விமான நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுக்கும் கதை தனி வீடியோ.

[காட்சி: மணல் போட்ட தயிர்ச் சட்டி, சீமெந்துத் தரையில்.]

பற்றரி அப்பம் போல உப்பிவிட்டதா? உள்ளே இரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யோசிக்கிற ஆள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவரை அறைக்கு வெளியே அனுப்புங்கள். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட மண்சட்டிக்குள் வையுங்கள். இறுக்கி மூட வேண்டாம், வாயு போக வழி வேண்டும். தீப்பிடித்தால் அந்தப் புகையைச் சுவாசிக்கவே கூடாது. வளவுக் குப்பையோடு எரிக்காதீர்கள், இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். மட்டக்களப்பு வாவிக்குள் எறியவும் வேண்டாம், அங்குள்ள பாடும் மீன்கள் லித்தியம் இல்லாமலே நன்றாகப் பாடுகின்றன.

ரேசிங் ட்ரோனின் உறையில்லாத லிப்போவைச் சார்ஜ் செய்யவும் எனக்கு இதே சட்டிதான். மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் கொமெண்டில் கை தூக்குங்கள், திட்ட மாட்டேன், கொஞ்சம் திட்டுவேன். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் பறப்பவர்கள் உங்கள் கச்சான் கதையையும் எழுதுங்கள்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிடுகிறார். குரோட்டன் நட வைத்திருந்த சட்டி எங்கே என்று கேட்கிறார். நான் போகிறேன்.