இன்பாக்ஸுக்கு வாங்க

(மட்டக்களப்பு, கல்லடியில் சிறுதொழில் செய்வோர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்று வெளியூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கவனம், பாயோட ஒட்டவச்சிடுவாங்க" என்பார்கள். வெளியூரில் படித்த காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நம்மிடம் ஏதோ மந்திரம் இருக்கிறதாம், வந்தவன் திரும்பிப் போகமாட்டானாம். நடந்தது என்ன? வந்தவனுக்குப் பாய் விரித்தோம். சோறும் தயிரும் தேனும் போட்டோம். கேட்டதற்கெல்லாம் முகம் பார்த்துப் பதில் சொன்னோம். அவன் தங்கிவிட்டான். பழி மட்டும் மந்திரத்தின் தலையில்.

ஆளை ஒட்டவைக்கிற அந்த வித்தை இப்போது போனுக்குள் குடியேறிவிட்டது. விரலால் தள்ளத் தள்ளத் தீராமல் வந்துகொண்டே இருக்கிறதே ஒரு பக்கம், அதை 2006இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்பவர். செய்ததற்காக வருந்துவதாகப் பிறகு அவரே சொன்னார். அவர் வருந்தி என்ன, நம் பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணிக்கும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் விற்கிறவர்கள். உங்களுக்கும் ஒரு மந்திரம் வேண்டும் என்றுதான் இங்கே வந்திருக்கிறீர்கள். அந்த மந்திரத்துக்கு இப்போது 'பூஸ்ட்' என்று பெயர்: காசு கட்டினால் நம் பதிவைப் பேஸ்புக் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டும். கூட்டம் தொடங்குமுன் என்னிடம் பேசிய ஆறேழு பேரில் ஐந்து பேர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவுக்குப் பூஸ்ட் பண்ணினாச் சரி?"

என் கதையைச் சொல்கிறேன். அப்பா கிரான் பக்கம் வீதியோரத்தில் எருமைத் தயிர் விற்றவர். வாகனம் நின்றால் சட்டியின் வாயில் கட்டிய கடதாசியை அவிழ்த்து, சட்டியை அப்படியே சரித்துக் காட்டுவார். தயிர் அசையாது. கையோடு விலையையும் சொல்லிவிடுவார். அவருடைய விளம்பரம் அவ்வளவுதான். பின்னாளில் தம்பி அந்த யாவாரத்தை எடுத்தபோது, படித்த அண்ணன் நான் சும்மா இருப்பேனா? பேஸ்புக்கில் கடைக்கென்று ஒரு பேஜ் திறந்தேன். இணையத்தில் எங்கேயோ கிடந்த வடிவான தயிர்ப் படம் ஒன்றை எடுத்துப் போட்டேன். மூவாயிரம் ரூபாய்க்குப் பூஸ்ட் பண்ணினேன். லைக் மழை! யார் என்று பார்த்தால் கொழும்பு, கண்டி, அதையும் தாண்டிக் கடலுக்கு அப்பால். கட்டாரில் இருந்து ஒருவர் 'நைஸ்' என்று எழுதியிருந்தார். அவருக்குச் சட்டித் தயிரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

பிழை என்னுடையதுதான். இந்த விளம்பரங்கள் ஏலத்தில் போகின்றன. ஒரு மனிதரின் திரையில் ஓர் இடம் காலியானால் அதற்குப் பல விளம்பரங்கள் போட்டி போடும். நாம் கட்டும் காசு மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. நாம் கேட்ட காரியத்தை அந்த மனிதர் செய்வாரா என்றும் இயந்திரம் கணக்குப் பார்க்கிறது. லைக் வேண்டும் என்று கேட்டால், கண்டதற்கெல்லாம் லைக் போடுகிறவர்களாகப் பார்த்துத் தேடித் தரும். அது கேட்டதைத்தான் தந்தது. ஊரின் எல்லையையும் நான் குறுக்கி வைக்கவில்லை. காசு கட்டத்தான் வேண்டுமென்றால் 'செய்தி அனுப்ப' என்ற நோக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். வரைபடத்தில் உங்கள் கடையைச் சுற்றி, நீங்கள் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்துக்கு வட்டம் போடுங்கள். தயிருக்கு ஒரு வட்டம், கருவாட்டுக்கு வேறு வட்டம்.

பிறகு தம்பி ஒரு வேலை செய்தான். அப்பா சட்டியைச் சரிக்கிறதைப் பத்து விநாடி போனில் பிடித்து, விலையையும் நிற்கிற இடத்தையும் எழுதிப் போட்டான். பூஸ்ட் இல்லை. அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கே சட்டி முடிந்துவிட்டது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். உங்கள் பேஜ்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். ஒரு சாறியின் படம். கீழே ஒருவர் "விலை?" என்று கேட்கிறார். "இன்பாக்ஸ் பாருங்க" என்று பதில், அதாவது தனிச் செய்தியில் சொல்கிறோம் என்று. அடுத்தவர் "விலை?" அவருக்கும் "இன்பாக்ஸ்". நாற்பது பேர் கேட்டு, நாற்பது பேரும் உள்ளே போகவேண்டும். பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்விக்கு, ஆளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காதுக்குள் பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது. கொமென்ட் கூடினால் நிறையப் பேருக்குப் போய்ச் சேரும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2018 ஜனவரியில் பேஸ்புக், நண்பர்களும் உறவுகளும் பேசிக்கொள்கிற பதிவுகளை முன்னே காட்டப்போவதாக அறிவித்தது. கடைகளின் பதிவுகள் அதோடு பின்னே போயின. கொமென்டுக்கு மதிப்பு வந்ததும் இந்த இன்பாக்ஸ் வித்தையும் வளர்ந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள். கேட்டவர்கள் நாற்பது பேர். விலை தெரிந்தால் வாங்கலாம் என்று நினைத்து, கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? நம் ஊர்ப் பெண்கள், அதுவும் வீட்டிலே போன் பொதுவாக இருக்கிற இடத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் இன்பாக்ஸுக்குள் போவார்களா? உங்கள் சாறியை வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கடை வைத்திருக்கிறவர்கள் விலையைக் கண்ணில் படும்படி காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம். (வேடிக்கை என்னவென்றால், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கம், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இன் 9ஆம் இலக்கம். நமக்கு ஒன்பதில் ஏதோ கிரகம்.) வாசலில் பலகையில் எழுதுகிற விலையைப் போனில் ஏன் ஒளிக்கிறோம்?

பதில் என்றால் விலை மட்டுமா? அளவு, நிறம், கழுவினால் சாயம் போகுமா, எந்த நாள் கடை பூட்டு, கூரியருக்கு எவ்வளவு, பொருளை வாங்கிக்கொண்டு காசு கொடுக்கலாமா. வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று தனியாக ஒன்று 2018இல் வந்தது, காசு இல்லை. அதில் பொருட்களை விலையோடு அடுக்கி வைக்கலாம், கடை நேரத்தைப் போடலாம், அடிக்கடி கேட்கிற கேள்விக்குப் பதிலை எழுதி வைக்கலாம். சாதாரண வட்ஸ்அப்பிலேயே யாவாரம் செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். ம்ம். இன்றைக்கு இரவு அந்த வேலையை முடியுங்கள்.

ஒரு பயத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கடை நம்முடைய நிலத்தில் இல்லை. 2021 ஒக்டோபர் 4, இரவு ஒன்பது மணி கடந்ததும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து படுத்தன. எழும்ப ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். மூன்றுக்கும் ஒரே முதலாளி. நாட்டுக்குள்ளேயும் அரசாங்கம் இவற்றைப் பூட்டியிருக்கிறது: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல். 2019இல் பூட்டியது நம் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளில். அன்றைக்கு இந்த ஊரில் யாவாரத்தைப் பற்றி எவருக்கும் நினைப்பில்லை. ஆனாலும் கணக்கைக் கணக்காகப் பார்த்தால், வாடிக்கையாளரின் நம்பர் ஒரு கொப்பியிலும் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் ஒரே தடவையில் 256 பேருக்குத் தனித்தனியே போகிற மாதிரிப் பட்டியல் போடலாம். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். 256 பேர் என்றால் ஒரு கலியாண வீட்டுச் சனம், சின்ன யாவாரத்துக்கு அது தாராளம். சம்மதம் கேட்டுச் சேருங்கள். கேட்காமல் குரூப்பில் இழுத்துப் போடுவது மரியாதைக்கு ஒத்துவராது.

2018 என்றதும் அம்பாறையில் இருந்து வந்தவர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். இதை யாவாரக் கூட்டத்தில் சொல்ல மனம் கூசத்தான் செய்கிறது. அந்த பெப்ரவரி மாதக் கடைசியில், அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது, கருத்தடை மாத்திரை போட்டாய்தானே என்று கூட்டம் சூழ்ந்துகொண்டு கேட்கிறது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர், பயத்தில், ஓம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். அதைப் போனில் பிடித்துப் பரப்பினார்கள். கடையும் போனது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. இரண்டு வருடத்துக்குப் பிறகு, 2020 மே மாதத்தில், அந்த 2018 கலவரங்களில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. கூட்டம் மிரட்டி வாங்கிய ஒரே ஒரு சொல் அத்தனை தூரம் ஓடியது. உங்கள் கடையைப் பற்றிய விபரங்கள், என்ன போட்டுச் சமைக்கிறீர்கள் என்பது உட்பட, தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே பேஜில் எழுதிக் கிடக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். அது வதந்தியை நிறுத்திவிடும் என்று சொல்லமாட்டேன்.

கியூ.ஆர் கட்டத்தை வைத்துக் காசு வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று படித்த பாடம்தானே, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1994இல் ஜப்பானில் வாகன உதிரிப்பாகங்களை இனங்காணக் கண்டுபிடித்த கட்டம் அது. லங்கா கியூ.ஆர் அட்டையை வங்கியில் வாங்கி மேசையில் ஒட்டுங்கள், தீர்ந்தது.

ஆனால் செயற்கை நுண்ணறிவுப் படத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மட்டக்களப்புத் தயிர் என்று கேட்டுப் பார்த்தேன். கண்ணாடிக் கோப்பையில், மேலே ஸ்ட்ரோபெரி வைத்துத் தந்தது! தயிரில் சிரித்துவிட்டுப் போகலாம். மருதமுனைக் கைத்தறிச் சாறியை அப்படி மினுக்கிப் போட்டால் சிரிக்க முடியாது. இயந்திரம் தருகிற கரை உங்கள் தறியில் வராத கரை. வாங்கியவர் பொதியைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார், போக்குவரத்துக் கூலி இரண்டு பக்கமும் உங்கள் தலையில். முற்றத்தில், காலை வெயிலில், உங்கள் போனால் எடுங்கள். எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் அப்படித்தான். "உங்கள் கனவுகளை நனவாக்க" என்று தொடங்கும். சாறம் வாங்க வந்தவனுக்கு என்ன கனவு? சாறத்துக்கு எத்தனை முழம் என்று எழுதுங்கள்.

தேத்தண்ணி வந்துவிட்டது என்று கண் காட்டுகிறார்கள். முன்வரிசையில் இருக்கிற ராத்தா, கூட்டம் தொடங்குமுன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "விலையைப் பகிரங்கமாப் போட்டா, பக்கத்துக் கடைக்காரர் பாத்து அம்பது ரூபா குறைச்சுப் போட்டிருவாரே தம்பி?"

அவர் எப்பவோ பார்த்துவிட்டார் ராத்தா. போன கிழமை உங்கள் இன்பாக்ஸுக்கு வந்து விலை கேட்டுவிட்டு, பிறகு சத்தமே இல்லாமல் போனாரே ஒருவர்? அது அவருடைய மச்சினன்.