பால்வாடி டீச்சர் ஆகணுமா? புளியங்கொட்டையில் இருந்து ஆரம்பிப்போம்

(காட்சி: காரிமங்கலம் பக்கம் ஒரு அங்கன்வாடி. தாம்பாளத்தில் கேழ்வரகு பரப்பியிருக்கிறது.)

வணக்கம். இந்தக் கேழ்வரகு களி கிண்டுவதற்கு இல்லை, படிப்புக்கு. நாலு வயதுப் பாப்பா அதில் விரலால் கோடு இழுக்கிறாள். பக்கத்துப் பையன் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டாங்குச்சியில் போடுகிறான்.

(காட்சி: பையனின் விரல்கள், அருகில்.)

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கொட்டையைப் பிடிக்கிறதே, அந்தப் பிடிதான் பின்னால் பென்சிலைப் பிடிக்கும். அது பழகும் முன்னே கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தால் அழுகைதான் வரும். அதே கொட்டை 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். எந்த வயதுக்கு எதைக் கொடுப்பது, எதை ஒளித்து வைப்பது என்பதுதான் இந்தப் பயிற்சியில் பாதி.

சரி, சான்றிதழுக்கு வருவோம். இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) குழந்தைப் பராமரிப்பு, கல்வி பற்றி ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூ போதும், தபாலில் புத்தகம் வரும், வீட்டு வேலையோடு படிக்கலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரிக்கும் முன்பருவக் கல்வி டிப்ளமோ 2 ஆண்டு; அதற்கு பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் வேலை தனி வழி. மாவட்ட அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கணும், சேர்ந்த பிறகு அரசே பயிற்சி தரும்.

அப்புறம் இந்த 'மாண்டிசோரி' பயிற்சி போர்டுகள். நானே ஒன்றில் ஏமாந்தவள். மூன்று மாதம், ஜெராக்ஸ் நோட்ஸ், கடைசியில் தங்க நிறச் சான்றிதழ். ஒரு குழந்தையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. அந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆனால் அவர் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். அதனால் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: குழந்தைகளோடு எத்தனை நாள்?

(காட்சி: தளி, வேப்பனப்பள்ளி சாலைப் பலகைகள்.)

கிருஷ்ணகிரி பக்கம் வேலை என்றால் இன்னொன்றும் பழகணும். தளியிலும் வேப்பனப்பள்ளியிலும் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. குழந்தை "நீள்ளு" என்று கேட்டால் "தமிழில் சொல்லு" என்று நிற்க வைக்காதீர்கள். "தண்ணியா? இந்தா" என்று டம்ளரைக் கொடுங்கள். நாலு நாளில் "தண்ணி" தானாக வரும். தாகத்தோடு நிற்கிற பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது.

பாட்டும் கதையும் மட்டும் வேலை இல்லை. எடை, உயரம் எடுத்து அரசின் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றணும். 6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவையும் நாடாவால் அளப்பார்கள்; 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் நாடா சிவப்பு காட்டும். அது கடுமையான ஊட்டக்குறைவு. அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்பணும், சத்துமாவோடு நிறுத்திவிடக் கூடாது.

(காட்சி: வாசலில் குட்டிச் செருப்புகள்.)

எந்தப் படிப்பில் சேரும் முன்னும், உங்கள் ஊர் பால்வாடி டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது தரையில் உட்கார்ந்து பாருங்கள். மடியில் ஏறும் பிள்ளை அங்கேயே ஒன்றுக்குப் போகலாம். பையில் ஒரு மாற்றுத்துணி இருக்கட்டும்.